இன்னொருவர் காலில் கட்டிய பயம்

நீங்கள் நால்வரும் இந்த மாதம் நம் ஜிம்மில் பயிற்சியாளர்களாகச் சேர்ந்திருக்கிறீர்கள். நான் இந்த மாதத்தோடு விலகுகிறேன். பளுக்கம்பியை எப்படிப் பிடிப்பது, முதுகை எப்படி வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் சான்றிதழ்களைப் பார்த்தேன். என் காலத்தில் ஒருவர் கையில் அத்தனை காகிதம் இருந்தால் அவரிடம் இருமலுக்கு மருந்து கேட்டிருப்போம். ஆகவே, சான்றிதழ் கொடுக்காத ஒரு பாடம் என்னிடம் இருக்கிறது, அதை மட்டும் எழுதித் தருகிறேன். பாடத்தின் பெயர் பயம். இந்தத் தொழிலில் இருபத்தாறு வருடம் இருந்தேன். அதில் ஒரு வருடத்துக்கு மேல் விழித்திருந்த நேரமெல்லாம் பயந்தேன், தூங்கிய நேரத்தில் ஓவர்டைம் பார்த்தேன்.

நம் ஜிம்மின் வழக்கம் உங்களுக்கு முதல் நாளே சொல்லப்பட்டிருக்கும். எந்தப் பயிற்சியையும் முதலில் நாம் செய்து காட்ட வேண்டும். செய்து காட்ட முடியாததை யாருக்கும் கொடுக்கக் கூடாது. முதலாளியம்மா அந்தக் காலத்தில் போட்டிகளில் பளு தூக்கியவர். இந்த ஒரு விதியை மட்டும் அவர் யாருக்கும் தளர்த்தியதில்லை. நல்ல விதிதான். அதைச் சாக்காக வைத்து ஒரு கோழை எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அவர் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. ஐம்பது வயது முடிந்து இரண்டு மாதம். ஆறு பேர் நிற்க, மரப்பெட்டி மேல் தாவுவதைச் செய்து காட்டினேன். மூன்றாவது தாவலுக்குக் காலை ஊன்றியபோது பட்டென்று சத்தம் கேட்க, யாரோ என் வலது குதிகாலுக்கு மேலே பலமாக உதைத்தார்கள். கோபத்தோடு திரும்பி, எனக்குப் பின்னால் கண்ணில் பட்ட முதல் ஆளைப் பார்த்து, "ஏங்க உதைக்கிறீங்க?" என்று கத்தினேன். அவர் வங்கியில் வேலை செய்யும் சாதுவான மனிதர். என்னிடமிருந்து நாலு மீட்டர் தள்ளி, கையில் தண்ணீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். இருந்தும் "சாரி கோச்" என்றார்.

யாரும் உதைக்கவில்லை. கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கும் நாண் அறுந்தால் அப்படித்தான் இருக்கும் என்று இருபது வருடமாக மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். என் சொந்தக் காலில் நடந்தபோது சாட்சி தேடினேன். அடுத்த அடி வைக்கப் போனேன், பாதம் காலோடு சேர்ந்து வரவில்லை. சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்த்ததும், "ஒண்ணும் இல்ல, கால் லீவு லெட்டர் குடுத்துடுச்சு" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குள் குளிர்ந்து போயிருந்தது. என்னோடு பழகப் பழக நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள், அதற்கு நேரமில்லாததால் நானே சொல்லிவிடுகிறேன்: நான் எவ்வளவு ஜோக் அடிக்கிறேனோ அவ்வளவு பயத்தில் இருக்கிறேன்.

அறுவை சிகிச்சை, ஊன்றுகோல், முழங்கால் வரை கனமான பூட்ஸ். இதெல்லாம் மருத்துவர்கள் பார்த்துக்கொண்ட பகுதி, அதைத் தாண்டிவிடுகிறேன். பூட்ஸைக் கழற்றிய பிறகு ஆரம்பித்ததுதான் என் பகுதி. பூட்ஸ் இருந்தவரை ரயிலில் எழுந்து இடம் கொடுத்தார்கள். கழற்றியதும் நானும் சாதாரண மனிதனாகி, சாதாரண மனிதர்கள் நடுவில் நடக்க வேண்டியதாயிற்று. இந்த ஊரில் சாதாரண மனிதர்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை. ரயில் நிலைய நகரும் படிக்கட்டின் முன்னால் நின்று, எந்தப் படியில் காலை வைப்பது என்று தீர்மானிப்பதற்குள் பின்னால் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள். மழை பெய்தால் தேக்காவின் ஐந்தடிப்பாதைகளில், கடை வாசல்களை ஒட்டிய அந்தக் கூரைபோட்ட நடைபாதைகளில், ஓடு வழுக்கும். காய்கறிப் பெட்டிகளுக்கும் சாக்குகளுக்கும் நடுவில் தூணுக்குத் தூண் கைவைத்து நடப்பேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கூட்டம் என்றால் சிராங்கூன் சாலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. யாராவது தெரியாமல் என் குதிகாலை மிதித்துவிடுவார்கள் என்ற நினைப்பே போதும், பிடரி வியர்த்துவிடும். வீட்டில் குளியலறைக்குப் போனால் கதவைத் தாழ் போட வேண்டாம் என்று மனைவியிடம் உத்தரவு வாங்கியிருந்தேன். நான் கேட்டு வாங்கிய உத்தரவு.

காலுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோ ஒரு சின்னப் பெண். இரண்டு காலையும் ஊன்றி, குதிகாலை மெதுவாக உயர்த்தச் சொன்ன முதல் நாளில் நான் அடுத்தடுத்து மூன்று ஜோக் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு மூன்றையும் கேட்டார். பிறகு, "முடிஞ்சுதா அங்கிள்? இப்ப தூக்குங்க" என்றார்.

தூக்கினேன். அந்த அறையில் தூக்கினேன். அவர் பார்க்கும்போது மட்டும் தூக்கினேன்.

முதல் தடவை தோளில் பளுக்கம்பியை வைத்த நாளைச் சொல்ல வேண்டும். தட்டு எதுவும் இல்லை, வெறும் கம்பி. இருபது கிலோ. அறுபத்தைந்து வயது அம்மாக்களின் தோளில் அதை வைத்துவிட்டு, "ஆன்ட்டி, மார்க்கெட் பை இதைவிடக் கனம்" என்று கிண்டல் செய்தவன் நான். கம்பியைத் தாங்கியிலிருந்து தோளில் எடுத்து ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். அந்த நேரம் பார்த்துக் கீழே பெட்டிக் கடைக்காரர் இரும்புக் கதவை டமாலென்று இழுத்து மூடினார். கம்பியைத் தாங்கியில் எப்படி வைத்தேன் என்று தெரியாது. தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் குதிகாலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாண் அங்கேயேதான் இருந்தது. கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. நல்லவேளை, ஜிம்மில் அப்போது வேறு யாரும் இல்லை.

எட்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். அப்போதுதான் என் திறமை முழுதாக வெளிப்பட்டது.

வேறெந்தத் தொழில்காரனும் செய்ய முடியாத மோசடி அது. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தும் பயிற்சியைச் செய்து காட்ட வேண்டுமா? நல்ல இடது காலில் காட்டுவேன். எதிரே நிற்பவர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தங்கள் வலது காலில் செய்வார்கள். அடுத்து, "இப்ப மாத்துங்க" என்று வாயால் சொல்லிவிட்டு, யாராவது ஒருவரின் தோளைத் திருத்தப் போய்விடுவேன். என் வலது கால் எதையும் செய்து காட்டாது. விதி மீறப்படவில்லை, பாதிக்குப் பாதி காட்டியாயிற்று. தாவுவது, கால் மாற்றிக் குதிப்பது, ஸ்கிப்பிங் கயிறு இவற்றையெல்லாம் இடது காலை மட்டும் வைத்துக் காட்ட முடியாது. அவற்றைப் பாடத்திலிருந்தே எடுத்துவிட்டேன். என்னிடம் பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு பேருடைய அட்டவணையிலும் கால் தரையைவிட்டு எழும்பும் பயிற்சி ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. ஏன் என்று ஒருவர் கேட்டார். "இப்ப புது முறை" என்றேன். பயிற்சியாளர் சொன்னால் ஜனங்கள் எவ்வளவு சுலபமாக நம்புகிறார்கள் என்பதை நீங்கள் சீக்கிரம் பார்ப்பீர்கள். பார்க்கும்போது பயப்படுங்கள், அது சரியான இடத்துப் பயம்.

இந்த நிலைமையில்தான் முதலாளியம்மா ராபியாவை என்னிடம் அனுப்பினார்.

ராபியாவுக்கு முப்பத்தெட்டு வயது. மார்சிலிங்கில் வீடு. தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றில் துணை மருத்துவர். ஒரு நோயாளியின் பையோடு வண்டியிலிருந்து இறங்கும்போது அவருக்கும் வலது குதிகால் நாண் அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பளுப்பயிற்சிக்குப் போகலாம் என்று அவருடைய பிசியோ சொல்லிவிட்டார். "நீங்க பட்டவர், உங்களுக்குத்தான் புரியும்" என்று சொல்லி முதலாளியம்மா என்னிடம் கொடுத்தார். தீயைக் கண்டு பயந்து ஓடியவனைத் தீயணைக்கும் படையில் சேர்த்தது மாதிரி.

முதல் நாள் இருவரும் கால்சட்டையைச் சற்று உயர்த்தித் தழும்புகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். அவருடையது நேர்க்கோடு, என்னுடையது சற்று வளைந்தது. அவர் குரலைத் தாழ்த்தி, முதல் தடவை பளு வைத்தபோது எனக்குப் பயமாக இருந்ததா என்று கேட்டார்.

"பயமா? எனக்கா? சிங்கம்லா நான்."

அவர் சிரித்தார். அன்று நான் செய்த முதல் தவறு அதுதான். அவர் பயந்துகொண்டிருந்தார், துணை தேடிக் கேட்டார். நான் ஒரு சிங்கத்தைக் காட்டி அவரைத் தனியாக விட்டுவிட்டேன்.

நாலு மாதம் என்னிடம் பயின்றார். பிசியோவின் தாளில் வாரா வாரம் பளுவைக் கூட்டச் சொல்லியிருக்கும். கூட்டினேன். நம் ஜிம்மில் இருக்கும் மிகச் சிறிய தட்டு அரைக் கிலோ. அதைவிடச் சிறியது எங்காவது விற்கிறார்களா என்று இணையத்தில் தேடினேன். அவர் குதிகால் உயரும் ஒவ்வொரு தடவையும் என் குதிகால் சுரீரென்றது. "போதும், போதும்" என்பேன். "இன்னும் முடியும் கோச்" என்பார். "முடியும்போதே நிறுத்தணும்" என்பேன், பெரிய ஞானி மாதிரி. அவர் போன பிறகு பிடரியைத் துடைத்துக்கொள்வேன்.

அவர் அப்போது ஆம்புலன்ஸில் ஏறவில்லை. கால் சரியாகும்வரை அழைப்புகளை எடுக்கும் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். வண்டிக்குத் திரும்ப ஒரு சோதனை உண்டு. நோயாளியை உட்கார வைத்துத் தூக்கும் நாற்காலியில் எழுபது கிலோ பளுவை வைத்து, இரண்டு பேராக நாலு மாடி படியிறங்க வேண்டும். சோதனைக்கு முன்னால் ஒரு படிவத்தில் பிசியோ ஒரு பக்கமும் பயிற்சியாளர் ஒரு பக்கமும் கருத்து எழுத வேண்டும். மாதக் கடைசிக்குள் அவர் சோதனையில் தேறாவிட்டால் வண்டியில் இருக்கும் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு அழைப்பு அறை நாற்காலிதான் அவருக்கு நிரந்தரம்.

பிசியோ, தயார் என்று எழுதிவிட்டார். நான் என் பக்கத்தில், மேலும் மூன்று மாதம் குறைந்த பளுவில் பயிற்சி தேவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நேராக ஆம்புலன்ஸ் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். ராபியாவிடம் சொல்லவில்லை. முதலாளியம்மா பிரதியைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: சோதித்துப் பார்த்துவிட்டுத்தானே எழுதினீர்கள்? ஆமாம் என்றேன். சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டுமென்றால் முதலில் நான் செய்து காட்ட வேண்டும்.

அந்த வாரம் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. பொறுப்பான மனிதனாக நடந்துகொண்டதாக நினைத்தேன். இந்த இடத்தைக் கவனியுங்கள். பயம் பயமாகவே வந்தால் அதை அடையாளம் கண்டுவிடலாம். என்னுடையது அன்று சட்டையை இன் பண்ணிக்கொண்டு, பாதுகாப்பு அதிகாரி மாதிரி வந்து நின்றது.

சனிக்கிழமை காலை ராபியா வந்தார். உடை மாற்றவில்லை. அலுவலகச் சீருடையோடு பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். என் பக்கத்தின் படம்.

"கோச், இது உங்க கையெழுத்துதானே?"

நான் நாண், திசு, சுமை ஏற்றம் என்று ஆரம்பித்தேன். குடித்துவிட்டு வந்த நோயாளியின் பேச்சைக் கேட்பதுபோல அவர் பொறுமையாகக் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது பேசினார்.

"நாலு மாசமா உங்கள பாத்துக்கிட்டு இருக்கேன். உங்க வலது கால் தனியா ஒரு வேலை செஞ்சு நான் பாத்ததே இல்ல."

"அது சீனியர். லைட் டியூட்டில இருக்கு."

அவர் சிரிக்கவில்லை.

"நானும் லைட் டியூட்டிலதான் இருக்கேன் கோச். ஒரு அம்மா போன் பண்ணி, புருஷன் மூச்சு விடலன்னு அழறாங்க. நான் பிளாக் நம்பர் கேட்டு டைப் பண்றேன். குரல் மட்டும்தான் வருது. என் கை அங்க போக மாட்டேங்குது." கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். "பிசியோ ஓகே சொல்லிட்டாங்க. நீங்க மட்டும் மூணு மாசம் கேட்டிருக்கீங்க. அந்த மூணு மாசம் எனக்கா, உங்களுக்கா?"

நாலு ஜோக் என் வாய்க்குள் வரிசையில் நின்றன. நாலையும் விழுங்கினேன்.

எனக்கு நியாயம் செய்வதாக நினைத்து நீங்கள் ஒன்று சொல்லலாம்: ஒருவேளை உங்கள் பயம் சரியாகவே இருந்திருக்கலாமே? இருந்திருக்கலாம். அதுதான் கொடுமை. அவர் கால் தயாரா இல்லையா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. பார்க்காமலே தீர்ப்பு எழுதியிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். சோதிக்கவில்லை, எனக்குத் தெரியாது என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், மறுநாள் காலை மணல் பைகளோடு மார்சிலிங்குக்கு வந்து நேரில் சோதித்துப் பார்க்கச் சொன்னார்.

ஞாயிறு காலை பத்து மணி. ஜிம்மிலிருந்து மணல் பைகளை டாக்சியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவருடைய அடுக்குமாடி பிளாக்கில் நாலாவது மாடி. வீட்டுச் சாப்பாட்டு நாற்காலியில் அறுபது கிலோ மணலை, ஜிம்மில் இருந்தது அவ்வளவுதான், பட்டையால் இறுக்கிக் கட்டினோம். படிக்கட்டுப் பக்கம் இழுத்து வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்து, வீடு மாறுகிறீர்களா என்று விசாரித்தார். இல்லை அங்கிள், உடற்பயிற்சி என்றார் ராபியா. அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்படி நாற்காலி இறக்கும்போது மேலே ஒருவர், கீழே ஒருவர். கீழே பிடிப்பவர் பின்னோக்கி இறங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் முன்பாதம் முதலில் தொடும், பிறகு குதிகால் மெதுவாக இறங்கும். மொத்தக் கனமும் அந்த ஒரு கணத்தில் நாண் மேல் வரும். சோதனையில் ராபியா கீழ்ப்பக்கம் பிடிக்க வேண்டும். நான் இயல்பாக மேல்பக்கம் போய் நின்றேன்.

"அங்க இல்ல கோச்" என்றார். "உங்க ஜிம் ரூல்தானே? முதல்ல கோச் செஞ்சு காட்டணும்."

கீழ்ப்பக்கம் போனேன். நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தேன். தூக்கினோம். எனக்குப் பின்னால் படிகள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. இடது காலால் ஒரு படி தேடி இறங்கினேன். அடுத்து வலது. முன்பாதம் சிமெண்டைத் தொட்டது. குதிகாலை இறக்க வேண்டும். இறக்க முடியவில்லை. கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. காதுக்குள் அந்தப் பழைய சத்தம் கேட்கத் தயாராக இருந்தது. கை வழுக்கத் தொடங்கியது. அறுபது கிலோவும் என் மேல் சாய்ந்தால் நான் மட்டும் விழமாட்டேன், மேலே பிடித்திருக்கும் அவரையும் இழுத்துக்கொண்டுதான் விழுவேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"மணலுக்கு டிக்கெட் வாங்கிட்டோமா?" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

மேலேயிருந்து ராபியாவின் குரல் வேறுமாதிரி வந்தது. மெதுவாக, சமமாக. நோயாளிகளிடம் பேசும் குரல் என்று பிறகுதான் புரிந்தது.

"சார், என்னைப் பாருங்க. உங்க பேர் என்ன?"

"என் பேரு தெரியாதா உனக்கு?"

"சொல்லுங்க சார்."

"குமரவேல்."

"நல்லது. வயசு?"

"ஐம்பத்தொண்ணு."

"எங்க வலிக்குது?"

யோசித்துப் பார்த்தேன். ஆச்சரியமாக இருந்தது. "எங்கயும் வலிக்கல."

"அப்ப என்ன செய்யுது?"

"பயமா இருக்கு."

காலில் அடிபட்ட நாளிலிருந்து அந்த இரண்டு வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம், மருத்துவரிடம், அந்தச் சின்னப் பெண் பிசியோவிடம், ஒருவரிடமும். அறுபது கிலோ மணலுக்குக் கீழே, வீட்டுக்கு வீடு ஞாயிற்றுக்கிழமைச் சமையல் வாசனை வரும் ஒரு படிக்கட்டில் சொன்னேன்.

"சரி சார். பயம் இருக்கட்டும். குதிகாலை இறக்குங்க. நான் பிடிச்சிருக்கேன்."

இறங்கியது. அடுத்த படியும் இறங்கியது. நான் வீரனாகிவிடவில்லை. ஒரே ஒரு மாடி இறங்கினேன், பதினாறு படி. பதினாறிலும் நடுங்கினேன். மூன்றாவது மாடியில் நாற்காலியை வைத்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ராபியா என்னைத் தாண்டி வந்து கீழ்ப்பக்கம் பிடித்தார்.

மிச்சம் மூன்று மாடியும் அவர் இறங்கினார். மேலே பிடித்திருந்த நான் அவர் காலை மட்டும் பார்த்தேன். மனதுக்குள் குறை தேடினேன், இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வலது கால் அவசரப்படுகிறதா, இடுப்பு சாய்கிறதா, முழங்கால் உள்ளே விழுகிறதா. ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக் காலடிச் சத்தத்தைக் கேட்டால் எது அறுந்த கால், எது அறுபடாத கால் என்று சொல்ல முடியாது. தரைத்தளத்தில் வைத்துவிட்டு, "இன்னொரு தடவை?" என்றார். லிஃப்டில் நாற்காலியை ஏற்றிக்கொண்டு போய் இன்னும் இரண்டு தடவை இறங்கினோம். மூன்றாவது தடவைக்குப் பிறகு எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சோதனை நாளன்று ஆம்புலன்ஸ் நிறுவனத்தின் கட்டடத்துக்கு நானும் போனேன். படிவத்தில் என் பக்கத்தை மாற்ற வேண்டுமானால் சோதனைக்கு முன்னாலேயே நேரில் மாற்றிக் கையெழுத்திட வேண்டும். முடிந்த பிறகு எழுதலாமா என்று கேட்டுப் பார்த்தேன். சோதனை அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். முடிந்த பிறகு எழுதினால் அது கருத்து இல்லை, செய்தி என்றார். பேனாவைக் கையில் எடுத்தேன். நானே இறங்கியதைவிட அது கஷ்டமாக இருந்தது. என் கால் அறுந்தால் என்னோடு போகும். இது இன்னொருவர் கால், கீழே என் கையெழுத்து. மூன்று மாதத்துக்குப் பதில் ஆறு வாரம் என்று எழுதினால் என்ன என்றுகூட ஒரு யோசனை வந்தது. அதற்கும் எந்த ஆதாரமும் இல்லை. கண்ணால் கண்டதை மட்டும் எழுதினேன்: அறுபது கிலோவுடன் பின்னோக்கிப் படியிறங்கியதை நேரில் பார்த்தேன், இரு கால்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, முன்பு எழுதியது சோதிக்காமல் எழுதியது. கடைசி வரியைப் படித்துவிட்டு அதிகாரி மறுபடியும் ஒரு மாதிரி பார்த்தார்.

என்னைப் படிக்கட்டுக்குள் விடவில்லை. நாலாவது மாடியில் தீக்கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே இரண்டு ஜோடிக் காலடிச் சத்தம் இறங்கத் தொடங்கியது. எண்ணினேன். எட்டு. திருப்பம். பதினாறு. கதவில் காதை வைத்தேன். இருபத்து மூன்றாவது படியில் சத்தம் நின்றுவிட்டது. எதுவும் கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துவிட்டேன், கதவைத் திறந்தால் சோதனை செல்லாது என்று சொல்லியிருந்தார்கள். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான அமைதியை நான் கேட்டதில்லை. பிறகு கீழேயிருந்து ராபியாவின் குரல், மேலே பிடித்திருந்த இளைஞனை அதட்டியது: "ஏன் நின்னுட்டே? என் காலைப் பாக்காத. பேஷண்ட்டைப் பாரு."

சத்தம் மறுபடியும் இறங்கியது.

அடுத்த திங்கட்கிழமை ராபியா வண்டியில் ஏறினார். அதே திங்கட்கிழமை நான் முதலாளியம்மாவிடம் போய், சோதித்தேன் என்று சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. மற்ற பதினோரு பேர் அட்டவணையையும் கொண்டுவாருங்கள் என்றார். மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் புரட்டிப் பார்க்கப் பார்க்க என் காது சூடானது. இவர்களிடம் நீங்களே சொல்லுங்கள் என்றார், அவ்வளவுதான்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாருடைய தாளிலாவது "வேண்டாம்" என்று எழுதும்முன், அவர் செய்வதை ஒரு தடவை உங்கள் கண்ணால் பாருங்கள். பார்க்கவே நடுக்கமாக இருந்தால் அந்தத் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். வெட்கம் ஒன்றும் இல்லை. பயந்த ஆள் பயிற்சியாளராக இருக்கலாம், நான் இருந்தேன். பயத்தைச் சொல்லாத ஆள்தான் இருக்கக் கூடாது.

பதினோரு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். உங்கள் அட்டவணையிலிருந்து தாவுவதை எடுத்தது புது முறை இல்லை, என் கால் என்றேன். ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு ஜிம்முக்குப் போனார். நியாயம். பெரும்பாலோர் தோளைக் குலுக்கினார்கள். கடைசியாக ஆங் மோ கியோவிலிருந்து வரும் ஓர் அம்மா, அறுபத்து மூன்று வயது. முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப இன்னிக்கே கயிறு குதிக்கலாமா கோச்?" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் தானாகத் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன். அவர் கணுக்காலையும் முழங்காலையும் பார்த்தேன். முதலில் கயிறு இல்லாமல் ஐந்து தடவை குதிக்கச் சொன்னேன், அதற்கு முன்னால் விதிப்படி நான் ஐந்து தடவை குதித்துக் காட்டினேன், இரண்டு காலாலும். பிறகு கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் குதித்தார். நான் பக்கத்திலேயே நின்று எண்ணினேன், கண்ணைத் திறந்துகொண்டு.